நாற்பது ரிங்கிட் நீர்நாய்

ஞாயிற்றுச் சந்தையில் வாங்கினேன்,
பேரம் பேசாமல்.
ஃபெர்ரி பெஞ்சில் ஒரு நீர்நாய் உட்கார்ந்திருக்கிறது.
மடியில் பத்திரிகைத் தாளில் சுற்றிய மீன்,
வால் மட்டும் வெளியே.
தாளில் தமிழ் மாதிரி ஏதோ சுழிகள், படிக்க வராது.
விரலிடுக்கில் இரண்டாக மடித்த டிக்கெட்.
பின்னால் கடல், அதற்கும் பின்னால்
தூரிகையில் வண்ணம் தீர்ந்த இடத்தில்
பட்டர்வொர்த்.

ஃபிரிட்ஜுக்கு மேலே மாட்டினேன்.
அன்றிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும்
செருப்பைக் கழற்றும் முன்பே
அதன் மனசைப் படிக்கிறார்கள்.

"கடன் கொடுத்து ஏமாந்த முகம்" என்றாள் யுவனேஸ்வரி.
அவளுக்கு வங்கியில் வேலை.
"திருட்டு முழி. மீனுக்குக் காசு கொடுத்திருக்காது"
என்றார் அவள் கணவர், முறுக்கை எடுத்துக்கொண்டே.
வாடகை வாங்க வந்த ஊய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி,
"மீன் விலை" என்றார்.
அவ்வளவுதான் சொன்னார்.
கேஸ் சிலிண்டரை இறக்கிவைத்த ஹஃபிஸ்
கொஞ்ச நேரம் நின்று பார்த்தான்.
"பெனாட்" என்றான்,
தனக்கும் சேர்த்து.

நரி என்றால் எளிது;
அதன் முகத்தில் விழித்தால் யோகம் என்று
எப்போதோ முடிவாகிவிட்டது.
எருமைக்கு மழை, குரங்குக்கு இஞ்சி.
கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாதாம்,
யார் போய்க் கேட்டார்களோ.
நீர்நாய்க்கு மட்டும்
எனக்குத் தெரிந்து ஒரு பழமொழியும் இல்லை.
பார்த்துத்தான் ஆக வேண்டும்.

பார்த்தேன்.
மீசை ஒவ்வொன்றும் ஒரே இழுப்பு.
வயிற்றின் பழுப்பு பெஞ்சுக்குள் கசிந்திருக்கிறது,
உட்கார்ந்து ரொம்ப நேரம் ஆனதுபோல.
வாய் ஒரு நேர்கோடு; அதில் ஒன்றும் கிடைக்காது.
எல்லாம் அந்த இடது புருவத்தில்தான்.
வலதைவிட ஒரு நூல் மேலே, விளிம்பு கலைந்து,
"அப்படியா?" என்று கேட்கிற புருவம்.
விரலால் மறைத்தேன்: வெறும் பிராணி.
விரலை எடுத்தேன்:
மூன்றாம் கவுண்டரில் பாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்ட
யாரோ ஒருவர்.

அடுத்த மாதம் சந்தையில்
லிம் சூ யின்னிடம் கேட்டேன், அந்தப் புருவம் எப்படி என்று.
மை படிந்த நகத்தால் மூக்கைச் சொறிந்துகொண்டாள்.
"அது நான் இல்லை. கூரை ஒழுகியது.
காய்வதற்குள் ஒரு சொட்டு.
துடைக்கப் போனேன்.
பார்த்தேன். விட்டுவிட்டேன்."

ஏமாந்த கடன், கொடுக்காத காசு, மீன் விலை,
ஹஃபிஸின் தோள்வலி
எல்லாம் ஒரு சொட்டு மழை.
வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை.
ஊய் அடுத்த முறையும் நின்று பார்த்தார்,
இந்த முறை "மகன் போன் செய்யவில்லை" என்றார்.
ஆமாம் என்றேன்.

பிறகுதான் அந்த டிக்கெட் உறைத்தது.
நீந்தப் பிறந்தது அது.
காலடியிலேயே கடல்.
மீனைக் கவ்விக்கொண்டு குதித்தால்
ஃபெர்ரிக்கு முன்னால் கரையேறிவிடும்.
காசு கொடுத்து, வரிசையில் நின்று,
முழங்காலைச் சேர்த்து உட்கார்ந்திருக்கிறதே, எதற்கு?
பத்திரிகை நனையக் கூடாது என்றிருக்கலாம்.
வீட்டில் குறுக்கெழுத்துப் போடுகிறவர்கள் இருக்கலாம்.

இன்று ஏழு பத்து ஃபெர்ரி.
மடியில் டிபன் பாக்ஸ், அதன்மேல் என் கை.
எதிர்ப் பெஞ்சில் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி
என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
அம்மாவின் காதில் ஏதோ சொன்னாள்.
அம்மா நிமிர்ந்து, என்னை நிதானமாகப் பார்த்து,
இல்லை என்று தலையாட்டினாள்.